கூட வர ஆள் வேண்டும்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் உன் மருமகளும் சுகம். அங்கே நீ, உன் வீட்டுக்காரி, குட்டி மூன்று பேரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

போனில் பேசாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று கேட்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "சிக்னல் சரியில்லக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு சிக்னல் பிரச்சினை கிடையாது. கோபம் வந்தால் மடித்து வை. தணிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து படி.

விஷயம் உனக்குப் பாதி தெரியும். நான் ட்ரையத்லான் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஏரியில் கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் நீந்த வேண்டும், கரையேறித் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்க வேண்டும், அதிலிருந்து இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், மூச்சு வாங்க இடைவெளி கிடையாது. நாற்பத்தாறு வயதில், ஒற்றைச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நீ கேட்டதாக உன் வீட்டுக்காரி சொன்னாள். இன்னொன்று உன் உடம்பில் நல்லபடியாக வேலை செய்கிறது என்பதையும் அவள்தான் சொன்னாள். போன மாத ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறதாமே. ஆபரேஷன் முடிந்த மூன்று வருஷத்தில் இவ்வளவு நல்ல ரிசல்ட் வந்ததில்லையாம். அதை ஏன் நீ எனக்குச் சொல்லவில்லை?

ஆரம்பித்த கதையைச் சொல்கிறேன். டிரைவிங் ஸ்கூல் வேலை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எனக்கென்று வைத்திருக்கும் பிரேக்கின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பதுதான் வேலை. வருஷா வருஷம் போகும் பரிசோதனைக்குப் போனபோது கிட்னி டாக்டரம்மா எல்லாம் சரியாக இருக்கிறது, இடுப்பைச் சுற்றித்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது என்றார். நீச்சல் குளத்தில் சேர்ந்தேன். முகத்தைத் தண்ணீரில் வைக்கவே எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வைத்த பிறகு எடுக்க மனசில்லை. குளத்துச் சுவரில்தான் அந்தப் போட்டியின் போஸ்டரைப் பார்த்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று வைத்துக்கொள்.

பெயர் கொடுப்பது சுலபம், பழகுவதற்குத் துணை கிடைப்பதுதான் பெரும்பாடு. முதலில் ஒரு சைக்கிள் கிளப்பில் சேர்ந்தேன். எல்லோரும் பளபளவென்று உடுத்திக்கொண்டு வந்தார்கள். முதல் மேடு வரை பேசிக்கொண்டே வந்தார்கள். மேடு முடிந்தபோது என் கண்ணுக்கு ஒரு முதுகுகூடத் தெரியவில்லை. ஏதோ ஒரு பெட்ரோல் பங்க்கில் வழி கேட்டு வீடு வந்து சேர்ந்தேன். மறுவாரம் தலைவரைப் பார்த்து, எனக்கு ஒரு சிறுநீரகம்தான், மெதுவாகத்தான் வருவேன், யாராவது ஒருத்தர் கூட வந்தால் போதும் என்று சொன்னேன். மனிதர் மரியாதையானவர். என்னை வீட்டிலேயே ஸ்டாண்டு போட்டு மிதிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எந்த வாரம் எங்கே கூடுகிறார்கள் என்ற செய்தி எனக்கு வருவது நின்றுபோயிற்று.

அதனால் குளத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். "நெடுந்தூரப் போட்டிக்குப் பழக, கூட வர ஆள் வேண்டும். புதியவள். மெதுவாகத்தான் வருவேன்." உன் மருமகள் அதைப் படித்துவிட்டு, கல்யாண விளம்பரத்துக்குக்கூட இவ்வளவு உண்மை எழுதமாட்டார்கள் என்று சிரித்தாள்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பேக்கரிக்காரர். விடிகிற நேரத்தில் வேலையை முடித்துவிட்டு நேராகக் குளத்துக்கு வருவார். எவ்வளவு குளித்தாலும் காதோரத்தில் மாவு ஒட்டியிருக்கும். பெரிய உடம்பு, கப்பல் மாதிரி மெதுவாக நீந்துவார், நிற்கவே மாட்டார். இன்னொருவர் யார் தெரியுமா? என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிற பல் டாக்டரம்மா. டிரைவிங் டெஸ்டில் நாலு தடவை தோற்றவர். அடுத்தவர் வாய்க்குள் ஊசியைக் கொண்டுபோகும்போது நடுங்காத கை, ஸ்டியரிங்கைத் தொட்டதும் நடுங்கும். லைசென்ஸ் கிடைக்காததால் பத்து வருஷமாக எங்கே போனாலும் சைக்கிள்தான். அதன் மேல் ஏறிவிட்டால் அந்தப் பெண் வேறு ஆள். லாரிக்குப் பக்கத்தில் அவர் நுழைந்து போகும்போது பின்னால் வருகிற என் கால் இல்லாத பிரேக்கைத் தேடும். "என்ன டீச்சர், பயமா?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்பார். காருக்குள் நான் கேட்ட கேள்வியைத்தான் எனக்கே திருப்பிக் கொடுக்கிறார்.

இருவரிடமும் முதல் நாளே என் உடம்பு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பல் டாக்டரம்மா எத்தனை வருஷம் ஆயிற்று, ரத்தத்தில் உப்பின் அளவு என்ன என்றெல்லாம் கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலை இரண்டாக வைத்துக்கொள்ளச் சொன்னார். அத்தோடு சரி. பேக்கரிக்காரர் மறுநாள் குளத்தின் அந்தக் கோடி வரிசைக்குப் போய் நீந்தினார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு ஏதாவது ஆகும்போது பக்கத்தில் இருந்த ஆள் என்ற பேர் தனக்கு வேண்டாம் என்று குளத்துக் கல்லாவில் இருந்த பெண்ணிடம் சொன்னாராம். நியாயம்தான். நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே என் வரிசைக்கு வந்தார். "என் வேகத்துக்கு நீந்துற ஆள் இந்தக் குளத்துல வேற யாரும் இல்லங்க" என்றார். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. எனக்கும் அது போதுமாக இருந்தது.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு. குட்டிக்கு என் முத்தம்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்,
அக்கா.


தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லோரும் சுகம். விசாரிப்பு இந்தத் தடவை இவ்வளவுதான்.

போன வாரம் நான் ஒரு பையனுக்கு வண்டியை ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது போட்டி நடத்துகிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். என் உடல்நிலை பற்றி வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது, அதனால் என் பெயரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாள். யார் எழுதியது என்று கேட்டேன். சொல்லக் கூடாதாம். என்ன எழுதியிருக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்றேன். தயங்கித் தயங்கி ஒரு வரியை மட்டும் படித்தாள். "அவருடைய ஒரு சிறுநீரகம் என்னிடம் இருக்கிறது."

அதற்கு மேல் பெயர் வேறு வேண்டுமா? வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். அந்தப் பையன், தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டான்.

நீ எழுதியது அவர்களுக்கு ஒன்றும் புதிதில்லை. விண்ணப்பத்திலேயே நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் வெளியிலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டால் அவர்களுக்கும் பயம் வரும் இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் டாக்டரின் கடிதம் கொடுத்தால்தான் போட்டியில் சேர்த்துக்கொள்வார்களாம். லீவு போட்டுவிட்டுக் கிட்னி டாக்டரம்மாவிடம் ஓடினேன். மறுபடியும் ரத்தம், மறுபடியும் ஸ்கேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்தார். கூடவே நிபந்தனைகளும் சொன்னார். எவ்வளவு வலித்தாலும் வலி மாத்திரை கூடாது. தாகம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீர் வயிற்றில் தங்காமல் வெளியே வந்தால், அந்த இடத்திலேயே போட்டி முடிந்தது. யாரையும் கேட்க வேண்டாம், நானே நின்றுவிட வேண்டும். அவர் கையைப் பிடித்துச் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி உன் அத்தானிடம் உன்னைத் திட்டித் தீர்த்தேன். கிரேன் ஓட்டுகிற மனிதர் அல்லவா, நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியவர். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவன் பயப்படுறான். நானும்தான் பயப்படுறேன். எனக்காவது நீ கண்ணு முன்னாடி இருக்க. அவன் அங்க ஒத்தையில உக்காந்து பயப்படுறான்."

இந்த மனிதர் பயப்படுகிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இத்தனை மாதமாக என் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்னதற்குப் பிறகு உன் மேல் முழுசாகக் கோபப்பட என்னால் முடியவில்லை. அதனால் பாதிக் கோபத்தோடு எழுதுகிறேன்.

தம்பி, நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும். உனக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது நான் உன்னிடம் வந்து, கொடுக்கட்டுமா என்று கேட்டேனா? கொடுக்கிறேன் என்று சொன்னேன். அது என் உடம்பு, என் முடிவு. அன்றைக்கு அந்த முடிவை ஏற்றுக்கொண்டாய். மிச்சமிருக்கிற உடம்பைப் பற்றி மட்டும் எனக்கு முடிவெடுக்கத் தெரியாதா? இரவல் வாங்கிய புத்தகம் மாதிரி என்னை யாரும் அலமாரியில் அட்டை போட்டு வைக்க வேண்டாம்.

நீயும் அப்படித்தான் உன்னை வைத்திருக்கிறாய் என்று கேள்வி. ஷட்டில் மட்டையைத் தூக்கி யாருக்கோ கொடுத்துவிட்டாயாம். விமானத்தில் கிருமி இருக்கும் என்று இந்தப் பக்கம் வருவதே இல்லை. உன் டாக்டர் பயணம் செய்யலாம் என்று சொல்லி ஒரு வருஷம் ஆகிறதாம். இதையும் உன் வீட்டுக்காரிதான் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வேறு யாரிடம் சொல்வாள் அவள்?

பல் டாக்டரம்மா நேற்று ஒரு கேள்வி கேட்டார். நாற்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். "இதெல்லாம் உங்களுக்காகப் பண்றீங்களா டீச்சர், தம்பிக்குக் காட்டணும்னு பண்றீங்களா?" என்றார். எனக்காகத்தான் என்றேன். பல் பிடுங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் போலிருக்கிறது. தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். இனி ஒரு வார்த்தை எழுதாதே. அவர்களுக்கு. எனக்கு எழுது.

கோபத்திலும் உன்னைத் தவிர வேறு தம்பி இல்லாத,
அக்கா.


என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று உன் அத்தான் சொன்னார். உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு, கால் இரண்டையும் ஸ்டூலில் நீட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை போனில் உன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் அலோ அலோ என்று கத்தினேன். எனக்கும் அப்போது பேசத் தெம்பில்லை. அன்று என்ன நடந்தது என்பதை அடுத்தவர் வாயிலிருந்து கேட்காமல் என்னிடமிருந்தே தெரிந்துகொள்.

ஏரித் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. ஆரம்பத்தில் முந்நூறு பேர் ஒரே நேரத்தில் கையையும் காலையும் அடிக்க, யாருடைய குதிகாலோ என் நீச்சல் கண்ணாடியைத் தட்டிவிட்டது. பேக்கரிக்காரர் பின்னாலேயே போனேன். அவ்வளவு பெரிய முதுகு முன்னால் இருந்தால் வழி தவறவே முடியாது. கரையேறியபோது என் கால்கள் எனக்கே சொந்தமில்லாதது போல இருந்தன, ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் ஏறினேன். நீச்சலில் எனக்குப் பின்னாலும் ஆட்கள் இருந்தார்கள். இதை நீ நம்ப வேண்டும்.

சைக்கிளும் நன்றாகவே போயிற்று. பல் டாக்டரம்மா முன்னால் போய்விட்டார். நான்தான் போகச் சொன்னேன். அந்தக் கிளப் தலைவர் ஒரு மேட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை என்று எழுத ஆசைதான். கொஞ்சம் வைத்துக்கொண்டேன்.

ஓட ஆரம்பித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஏரியைச் சுற்றி மூன்று சுற்று. முதல் சுற்று ஓடினேன், இரண்டாவது சுற்றில் ஓட்டமும் நடையுமாகப் போனேன். மூன்றாவது சுற்று தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் வாந்தி எடுத்தேன். நிழலில் உட்கார்ந்து, வாய் கொப்பளித்து, மெதுவாகத் தண்ணீர் குடித்தேன். எழுந்து நடந்தேன். அதுவும் வெளியே வந்துவிட்டது.

அங்கேயே நின்றேன். இன்னும் ஆறு கிலோமீட்டர்தான் பாக்கி. நடந்தே முடித்திருக்கலாம் என்று ஒரு மனது சொல்லிக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்கவில்லை. வாந்தி எடுத்தது எனக்கும் பக்கத்தில் இருந்த செடிக்கும்தான் தெரியும். டாக்டரம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னது நினைவில் இருந்தது. அதைவிட இன்னொன்றும் நினைவில் இருந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ மாத்திரை சாப்பிடுவதையே நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

சைக்கிளில் என்னை முந்தி, ஓட்டத்தில் பின்தங்கியிருந்த பல் டாக்டரம்மா தன் கடைசிச் சுற்றில் அந்த வழியாக வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று நாடியைப் பிடித்தார். "நானும் நிக்கறேன் டீச்சர், சேர்ந்து போயிடலாம்" என்றார். அவர் எவ்வளவு பழகினார் என்று எனக்குத் தெரியாதா? "உங்க பிரேக்கை நான் போட மாட்டேன். ஓடுங்க" என்றேன். போகிற வழியில் மருத்துவக் குழுவிடம் சொல்லி அனுப்பிவிட்டு ஓடினார். எந்த இடத்தை எப்போது தாண்டுகிறோம் என்று கணக்கெடுக்கக் காலில் கட்டியிருந்த பட்டையை நானே கழற்றி, வந்தவர்கள் கையில் கொடுத்தேன். அழுதேனா என்று கேட்காதே. தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீரோடு கலந்துவிட்டது.

கூடாரத்தில் படுக்க வைத்துக் கையில் டிரிப் ஏற்றினார்கள். உன் அத்தான் என் ஷூவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் உன் போன் வந்தது. போட்டியின் இணையதளத்தில் அடுத்த இடத்தைத் தாண்டியதாக என் பெயர் வருமா வருமா என்று நீ கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாய் என்று பிறகுதான் தெரிந்தது. அங்கே அப்போது நடுநிசி தாண்டியிருக்கும். நீ எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதிலேயே நான் உன் மேல் பட்ட கோபம் அத்தனையும் தீர்ந்தது.

பேக்கரிக்காரர் நேரம் முடியப் போகிற சமயத்தில் கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தார். மெடலோடு கூடாரத்துக்கு வந்து, என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தான் இப்போது பக்கத்திலேயே இருப்பதாகவும், ஒன்றும் பயமாக இல்லை என்றும் சொன்னார். அவருக்கு நான் எதையும் ஞாபகப்படுத்தவில்லை.

நேற்று ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. டாக்டரம்மா தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எல்லாம் பழையபடியே இருக்கிறது. சரியான இடத்தில் நின்றீர்கள் என்றார். அந்த வார்த்தை எனக்கு மெடல் மாதிரி என்று சொன்னால் பொய். மெடலும் வேண்டும்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம், வெயில் வருவதற்கு முன்னால் நடக்கிற போட்டியாகப் பார்த்து. பல் டாக்டரம்மா இந்த மாதம் ஐந்தாவது தடவையாக டெஸ்டுக்குப் போகிறார். எனக்கு அதுதான் இப்போது கவலை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். எங்கே நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. நீ பார்த்தாயே. நீ இன்னும் கிளம்பவே இல்லையே, தம்பி. வீட்டிலிருந்து காருக்கு, காரிலிருந்து ஆபீசுக்கு, அங்கிருந்து திரும்பக் காருக்கு. அந்த வீட்டுக்குக் குடிபோய் எத்தனை நாளாயிற்று, உங்கள் தெரு எங்கே போய் முடிகிறது என்றுகூட உனக்குத் தெரியாதாம்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே சாயங்காலம் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து போ. தெரு முடிகிறவரை போ. பாதி வழியில் அவள் கால் வலிக்கிறது என்பாள், தூக்கச் சொல்வாள். வயிற்றில் தழும்பு இருக்கிறது, பளு தூக்கக் கூடாது என்றெல்லாம் அவளிடம் சொல்லாதே. மூன்று வருஷமாகிவிட்டது, அது நன்றாக ஒட்டிக்கொண்டது. குழந்தையைத் தூக்கு. தூக்கிக்கொண்டு கடைசி வரை போய்விட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று எனக்கு எழுது. கடையோ, மரமோ, வெறும் சுவரோ, எதுவாக இருந்தாலும் சரி.

நீ நன்றாக இருக்க வேண்டும். ரொம்ப நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா.